சின்னவனுக்கு ஒன்பது மணி, பெரியவளுக்கு ஏழு மணி

டோம்பிவலி அம்மா:
நான்காம் வகுப்பு வரை காலை 9 மணிக்கு முன் பள்ளி தொடங்கக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு உத்தரவு போட்டதல்லவா? அதற்கு முந்தைய டிசம்பரில் அப்போதைய ஆளுநர் ரமேஷ் பைஸ் பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றிப் பேசியதிலிருந்து தொடங்கிய விஷயம். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் சின்னவனுக்கும் நேரம் மாறியது. வேடிக்கை என்னவென்றால், அவனுக்கு அது தேவையே இல்லை. இரவு ஒன்பது மணிக்கே கண் சொக்கிவிடும். விடிந்ததும் தானே எழுந்து உட்கார்ந்திருப்பான்.

பாவம் பெரியவள்தான். பதினொன்றாம் வகுப்பு. மும்பையில் முலுண்ட் பக்கம் ஜூனியர் காலேஜ் (இங்கே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு அப்படித்தான் பெயர்), காலை 7 மணிக்கு முதல் லெக்சர். இருட்டோடு கிளம்பி லோக்கல் ரயில் பிடிக்கிறாள். பத்து மணிக்குப் படுத்தாலும் தூக்கம் வராமல் புரளுவாள். வீட்டுக்காரர் செல்போனைத்தான் திட்டுவார். போனை வாங்கிப் பீரோவில் வைத்த நாட்களிலும் அதே கதைதான். பருவ வயதில், தூக்கத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் தாமதமாகச் சுரப்பதால், உடம்புக் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும் வேண்டும். எங்கிருந்து வரும்?

காலை முதல் லெக்சர் பிசிக்ஸ். மார்க் அடிவாங்குவதும் அதில்தான். பதினோரு மணிக்கு நடக்கும் கெமிஸ்ட்ரியில் ஒரு குறையும் இல்லை. அவளுக்குப் பிசிக்ஸ் வராது என்கிறார்கள். எனக்கென்னவோ டைம்டேபிள் மேல்தான் சந்தேகம்.

தாராவியில் டியூஷன் எடுப்பவர்:
அக்கா, இங்கே இடமில்லாததால் ஒரே கட்டடத்தில் இரண்டு ஷிஃப்ட்டாகப் பள்ளி நடக்கிறது. மதிய ஷிஃப்ட் பிள்ளைகளாவது நன்றாகத் தூங்கிவிட்டு வருவார்கள் என்று நினைப்போம். ஒற்றை அறை வீடு, விடியற்காலையில் தண்ணீர் வந்தால் குடமும் டிரம்முமாக ஒரே சத்தம், பிள்ளை எப்படித் தூங்கும்?

பரீட்சை சமயம் இன்னும் மோசம். இரவெல்லாம் விழித்துப் படித்த பையன் ஃபார்முலாவைக் கடகடவென்று ஒப்பிப்பான். எந்தக் கணக்குக்கு எதைப் போடுவது என்று கேட்டால் முழிப்பான். படித்தது நிலைப்பதே தூக்கத்தில்தான் என்று பெற்றோரிடம் சொன்னால், "தூங்கினா பாஸாயிடுவானா சார்?" என்கிறார்கள்.

செம்பூர், பள்ளி வேன் ஓட்டுபவர்:
எல்லாப் பள்ளியையும் ஒன்பது மணிக்கு மாற்றினால் ஆபீஸ் டிராஃபிக்கில் மாட்டுவோம். ஒரே வண்டியில் இரண்டு டிரிப் அடிப்பவன் என்ன செய்வான்? அதையும் யோசியுங்கள்.

டோம்பிவலி அம்மா:
நியாயம்தான் அண்ணே. ஆனால் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளை 7:50இலிருந்து 8:45க்கு மாற்றினார்கள். "லேட்டாகப் போகலாம் என்றால் லேட்டாகப் படுப்பார்கள்" என்றுதானே நாம் சொல்வோம்? மாணவர்கள் கையில் கருவியைக் கட்டி அளந்து பார்த்தபோது, தினமும் சுமார் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியிருந்தார்கள்.

நான் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. ஏழு மணிக்குப் பிராக்டிகலை வைத்துவிட்டுப் பிசிக்ஸை ஒன்பதுக்குத் தள்ளுங்கள், கை வேலை செய்தாலாவது பிள்ளைகள் விழித்திருப்பார்கள் என்று காலேஜில் போய்ச் சொன்னேன். முடியாதாம். லேப் உதவியாளர் அவ்வளவு சீக்கிரம் வரமாட்டாராம்.