பயாப்ஸி எடுத்தால் புற்றுநோய் பரவிவிடுமா?

மலர் (திருச்சி):
அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் கட்டி, மேமோகிராம் பார்த்துவிட்டு டாக்டர் ஊசி பயாப்ஸி எழுதிக் கொடுத்திருக்கிறார். பெரியம்மா தொடங்கி எதிர்வீட்டுக்காரர் வரை "ஊசி குத்தினால் கட்டி கலைந்து உடம்பெல்லாம் பரவிடும்" என்கிறார்கள், அம்மா இப்போது ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்கிறார். சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி என்று யாரோ சொன்னதால் காபியில் சர்க்கரை நிறுத்தியாச்சு, சோறும் பாதியாகிவிட்டது, வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து முள்சீத்தா இலைக் கஷாயம் காலையும் மாலையும் குடிக்கிறார். எது உண்மை, எது புரளி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீமோ வார்டு நர்ஸ்:
மலர், பயாப்ஸியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே சேமியா இழை மாதிரி சில துணுக்குகளை எடுப்பார்கள், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஊசி போன தடத்தில் புற்றுச் செல் ஒட்டுவது அரிது, மார்பில் அதைப் பின்னால் வரும் ஆபரேஷனும் ரேடியேஷனும் பார்த்துக்கொள்ளும். ஊசி குத்தக்கூடாத இடம் எது என்று டாக்டர்களுக்குத் தெரியும். விரைப் புற்றுநோய் சந்தேகம் என்றால் ஊசி போடாமல் விரையையே எடுத்துத்தான் பரிசோதிப்பார்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றால், பலர் நோய் முற்றிய பிறகுதான் வருகிறார்கள், பயாப்ஸி முடிந்து ஸ்கேன் எடுத்தால் ஏற்கெனவே பரவியிருப்பது அப்போதுதான் தெரிகிறது, பழி ஊசி மேல் விழுகிறது. அந்தத் துணுக்கில் ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) இருக்கிறதா என்று பார்த்துத்தான் மாத்திரையா, கீமோவா, வேறு ஊசியா என்று முடிவாகும். அது இல்லாமல் எந்த டாக்டரும் சரியான மருந்து எழுத முடியாது.

செந்தில்_மதுரை:
சர்க்கரை விஷயம் அரைகுறை உண்மை. புற்றுச் செல் குளுக்கோஸை அதிகமாக இழுக்கும் என்பதை வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1920களிலேயே கண்டுபிடித்தார், குளுக்கோஸை அதிகம் இழுக்கும் இடத்தைப் படத்தில் காட்டும் பெட் ஸ்கேன் வேலை செய்வதே அதை வைத்துத்தான். ஆனால் மூளை, தசை எல்லாவற்றுக்கும் அதே குளுக்கோஸ் வேண்டும். நாம் சாப்பிடாவிட்டாலும் ஈரல் அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும், அதனால் பட்டினி போட்டால் மெலிவது அம்மாதான், கட்டி இல்லை. என் அப்பா கீமோ சமயத்தில் எடை இறங்கியபோது டயட்டீஷியன் முட்டை, பருப்பு, தயிர், வேர்க்கடலை என்று கூட்டத்தான் சொன்னார். நீரிழிவு இருந்தால் கணக்கு வேறு, அதை டாக்டரிடம் கேளுங்கள்.

கீமோ வார்டு நர்ஸ்:
கஷாயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முள்சீத்தா ஆய்வகத்தில் செல்லைக் கொன்றது உண்மை, ஆனால் மனிதர்களுக்கு நோய் குணமானதாகச் சோதனை எதிலும் நிரூபணமாகவில்லை. அதில் உள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்புக்கு ஆகாது. கரீபியனில் குவாதலூப் தீவில் அதிகம் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் மாதிரியான நடுக்கத்தோடு அதைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். மூலிகையே வேண்டாம் என்று சொல்லவில்லை, நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து வந்தது, ஆனால் அதைப் பிரித்து, அளவு கட்டி, ரத்தக்குழாயில் ஏற்றுகிறோம், இலையைக் கொதிக்க வைத்துக் கொடுப்பதில்லை. அம்மா என்ன குடிக்கிறார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால் அதையும் பயாப்ஸிக்கு முன்பே சொல்ல வேண்டும்.

மலர் (திருச்சி):
ரொம்ப நன்றி அக்கா, செந்தில் அண்ணா. அம்மா ஆஸ்பிரின் போடுகிறார், அது எனக்குத் தோன்றவே இல்லை. பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடமே கேட்கச் சொல்கிறேன்.

கீமோ வார்டு நர்ஸ்:
நல்லது. ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், நாளைக்கே போன் செய்து கேட்டுவிடுங்கள். பழைய மேமோகிராம் படத்தையும் எடுத்துப் போங்கள்.