மறுமொழி: ‘அல் தென்தே’வுக்குத் தமிழ்ச்சொல் – கடிபதம்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஓசூரில் இருக்கும் இத்தாலிய உணவகத்தின் மெனு கார்டைத் தமிழில் கொண்டுவருவது பற்றி வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பாதிப் பேர் ‘பாஸ்தா’வுக்கே தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் அவசரம் இல்லை. அந்தக் கடைக்கு இப்போதே வேண்டியது ‘அல் தென்தே’வுக்கு, அதாவது கடித்தால் பல்லுக்குத் தெரிகிற பாஸ்தா வேக்காட்டுக்கு, ஒரு சொல். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடை சின்னது. ஒரு வீட்டின் முன்னறையில் ஐந்தாறு மேசை. சமையலறைக்கும் நமக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு ஒன்றுதான். கேளமங்கலம் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா முட்டை போட்டுப் பிசைந்த மாவை நீளமான கட்டையால் தேய்ப்பது உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். உரிமையாளர் இத்தாலியில் சமையல் வேலை பார்த்துத் திரும்பிய நம்மூர்க்காரர். பாக்கெட்டில் வரும் காய்ந்த பாஸ்தாவும் அங்கே உண்டு. ஆனால் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது அன்றன்று பிசைந்து, தேய்த்து, வெட்டிப் போடுவதுதான்.

நான் சாப்பிடப் போன அன்று பக்கத்து மேசையில் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த குடும்பம். பேரப்பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஸ்பகெத்தி வாங்கியிருந்தார்கள். பாட்டி ஒரு வாய் மென்று பார்த்துவிட்டு, “வேகவே இல்லியேப்பா, அரிசி அரிசியா இருக்குது” என்று தட்டைத் தள்ளிவிட்டார். பரிமாறிய தம்பிக்குத் தேன்கனிக்கோட்டை. “இது அல் டென்ட்டி பாட்டி, இப்படித்தான் இருக்கும்” என்றார். பாட்டிக்கு அதில் என்ன புரியும்? தட்டு உள்ளே போய் மறுபடி வெந்து, குழைந்து வந்தது. பாட்டிக்கும் அது பிடிக்கவில்லை. சமைத்த அக்காவின் முகமும் வாடிவிட்டது.

அந்தத் தம்பி வாயில் ஒரு தமிழ்ச்சொல் இருந்திருந்தால் பாட்டி இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன். ஆகவே நான் வைக்கும் சோதனை இது: பரிமாறுகிறவர் மேசைப் பக்கம் நின்று சொல்ல வேண்டும், கேட்பவருக்கு விளக்கவுரை இல்லாமல் பாதியாவது புரிய வேண்டும். அகராதியில் அழகாக உட்காருவதெல்லாம் அப்புறம்.

பொருளைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் சொல் தானே வரும். காய்ந்த பாஸ்தா டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையும் தண்ணீரும் சேர்ந்தது. அதில் புரதம் வலைபோல் பின்னிக்கொண்டு மாவுச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். கொதிநீரில் போட்டதும் வேக்காடு வெளியிலிருந்து உள்நோக்கிப் போகும். நடுப்பகுதி கடைசியில்தான் வேகும். ஒரு இழையை எடுத்துப் பாதியில் கடித்து, வெட்டுவாயைப் பார்த்தால் நட்ட நடுவில் குண்டூசி முனையளவு வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி மறையப் போகிற நேரத்தில் இறக்கிவிட வேண்டும். விட்டால் மாவுச்சத்து ஊதி, வலையை அறுத்துக்கொண்டு வெளியே வந்து ஒட்ட ஆரம்பித்துவிடும். இத்தாலியச் சொல்லுக்கு ‘பல்லுக்கு’ என்று பொருள். பல்லுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிற பதம், அவ்வளவுதான்.

> ‘அரைவேக்காடு’ என்பதே போதுமே, எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். அரைவேக்காடு தமிழில் வசவு. ஆளையும் வேலையையும் திட்டுகிற சொல்லை ஒரு சமையல்காரர் தன் தட்டுக்குப் பெயராக வைக்க மாட்டார். பாட்டி சொன்ன குறையைக் கடையே ஒப்புக்கொண்டது போலவும் ஆகிவிடும்.

> பிரியாணி மாஸ்டர்கள் சொல்லும் ‘முக்கால் பதம்’?

இது நல்ல யோசனை. நிறைய நேரம் இதை வைத்துப் பார்த்தேன். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பிரியாணிக்கு அரிசியை முக்காலாக வேகவைத்து வடித்துத் தம் போடுவார்கள். மிச்ச வேக்காடு உள்ளே நடக்கும். பாஸ்தாவையும் கொஞ்சம் முன்கூட்டியே எடுத்து, சாஸ் உள்ள வாணலியில் போட்டு முடிப்பது உண்டு. ஆக, முக்கால் பதம் சமையலறைக்குள் பயன்படும், அதை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது நடுவழிப் பதம். அதற்கு மேல் இன்னும் கால் பங்கு பாக்கி. அல் தென்தே தட்டுக்கு வந்து சேர்ந்த முடிவுப் பதம். “முக்கால் பதம்” என்று மேசையில் சொன்னால், “மீதிக் காலையும் வேகவெச்சுக் கொண்டா” என்றுதான் பதில் வரும்.

> பல் + பதம் = பற்பதம். புணர்ச்சியும் சரி, மூலத்துக்கும் நெருக்கம்.

இலக்கணம் சரிதான், மறுக்கவில்லை. காதுதான் ஒத்துழைக்கவில்லை. சொல்லிப் பாருங்கள்: பருப்பதம் என்று மலை வந்து நிற்கும், அல்லது சித்த மருந்துக் கடையின் பற்பம். மூலச்சொல்லில் பல் இருப்பதாலேயே நாமும் பல்லைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. அந்தப் பல் செய்கிற வேலை கடிப்பது.

அதனால் என் பரிந்துரை ‘கடிபதம்’. ஊறுகாய் போல வினைத்தொகை. இடையில் ஒற்று மிகாது. கடித்தால் தெரிகிற பதம். இன்னொரு அன்பர், இளைஞர்கள் ‘கடி ஜோக்’கை நினைப்பார்கள் என்று தயங்கியிருந்தார். தனியாக ‘கடி’ என்றால் அந்த நினைவு வரலாம். ‘பதம்’ கூட வந்ததும் காது அடுப்படிக்குப் போய்விடும். கம்பிப் பதம், உருட்டுப் பதம், தோசைமாவுப் பதம் என்று நம் வீடுகளில் ஒரு வரிசையே இருக்கிறது. தருமபுரிப் பக்கம் களி கிண்டுகிற எவரும் விரலை நனைத்துக் களியைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒட்டாவிட்டால் பதம் வந்துவிட்டது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதும் இதே பதம்தான். அந்த வரிசையில் ஒரு புது உறுப்பினரைச் சேர்ப்பது புதுச் சாலை போடுவதைவிடச் சுலபம்.

இன்னொரு காரணம் இந்த மாவட்டத்துக்கே உரியது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை எங்கு போனாலும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் இருக்கின்றன. கன்னடத்தில் ‘ஹத’ என்பார்கள், தெலுங்கில் ‘பதுனு’. பாகுக்கும் சொல்வார்கள், உழவுக்கேற்ற மண்ணுக்கும் சொல்வார்கள். கடிபதம் என்று தமிழில் எழுதினாலும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவருக்குப் பாதிச் சொல் ஏற்கெனவே தெரிந்ததுதான். இந்த ஊர்க் கடைக்கு இதைவிடப் பொருந்துகிற சொல் எனக்குத் தெரியவில்லை.

சரி, அடுத்தது அன்றன்று பிசைந்து செய்கிற, கடையின் உயிரான அந்தப் பாஸ்தாவுக்கு என்ன பெயர்?

> ‘புதிய பாஸ்தா’ என்று நேராகச் சொல்லிவிடலாமே.

புதிய பாஸ்தா என்றால் புதிதாக அறிமுகமான சரக்கு என்று பொருள்படும். ‘பச்சை’ நல்ல தமிழ் வழக்கு; கருவாட்டுக்கு எதிராகப் பச்சை மீன் என்கிறோம். ஆனால் பாஸ்தாவில் கீரை சேர்த்துப் பச்சை நிறத்திலேயே ஒரு வகை செய்கிறார்கள். அதற்கு எங்கே போவது? ‘கைப்பாஸ்தா’வும் சரிப்படாது. தேய்க்கவும் வெட்டவும் எந்திரம் வைத்துச் செய்தாலும் அது அதே வகைதான்.

இத்தாலியர்கள் இதை எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று பாருங்கள். 2001ஆம் ஆண்டின் 187ஆம் எண் ஆணைப்படி காய்ந்த பாஸ்தாவின் ஈரம் 12.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பொதிந்து விற்கும் காயாத வகையில் ஈரம் 24 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சட்டம் பார்ப்பது ஈரத்தை. நம் வீட்டிலும் அதேதான்: அதிரசத்துக்கு ஈரமாவு, முறுக்குக்குக் காய்ந்த மாவு. அதனால் ‘ஈரப் பாஸ்தா’, ‘உலர் பாஸ்தா’. ஈரம் என்றால் நசநசப்பு நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஈரமாவு இடிக்கும் வீட்டில் அப்படி யாரும் நினைப்பதில்லை. அந்த அக்காவிடம் ‘ஈரப் பாஸ்தா’ என்று சொல்லிப் பார்த்தேன். “ஆமா, ஈரமாவுதானே” என்று தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடிபதத்தை எல்லாத் தட்டுக்கும் ஒட்டிவிடக் கூடாது. ஈரப் பாஸ்தாவில் அந்த வெள்ளைப் புள்ளி கிடையாது. நூறு கிராம் மென்கோதுமை மாவுக்கு ஒரு முட்டை என்பது இத்தாலியின் பொலோன்யா நகரப் பக்கத்துக் கணக்கு. ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் இரண்டு மூன்று நிமிடத்தில் முழுக்க வெந்துவிடும். மெல்லும்போது மெதுவாக, கொஞ்சம் இழுவையாக இருக்கும். அன்று நான் சாப்பிட்டது அதுதான். பட்டை பட்டையாக வெட்டிய தால்யத்தெல்லே, மேலே இராயக்கோட்டைத் தக்காளியை நின்று நிதானமாகச் சுண்டவைத்த சாஸ். பட்டையின் சொரசொரப்பில் சாஸ் அப்படியே பிடித்திருந்தது. தட்டின் அடியில் ஒரு துளி தண்ணீர் நிற்கவில்லை. அதை அந்தப் பாட்டிக்குக் கொடுத்திருந்தால் ஒரு பேச்சும் வந்திருக்காது. ஆகவே மெனு கார்டில் உலர் பாஸ்தா வரிகளுக்கு மட்டும் ‘கடிபதம்’ என்று போடுவோம். ஈரப் பாஸ்தாவுக்கு ‘மென்பதம்’ போதும்.

பாஸ்தாவுக்கு ‘இத்தாலியச் சேவை’ என்று முன்மொழிந்தவருக்கு: இடியாப்பம் போலப் பிழிகிற நம் சேவை மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் செய்முறை வேறு. சந்தகை என்றும் சொல்லும் சேவைக்கு மாவை முதலில் வேகவைத்து, சூடாறுவதற்குள் பிழிகிறோம். கன்னடக்காரர்களின் ஒத்து சாவிகெயும் அப்படியே. அரிசிக்கும் ராகிக்கும் கோதுமையின் பசைத்தன்மை கிடையாது. வெந்த மாவுச்சத்துதான் இழையைப் பிடித்து நிறுத்துகிறது. பாஸ்தாவில் முதலில் வடிவம், பிறகு வேக்காடு. உரிமையாளருக்கு ராகியில் பாஸ்தா செய்யும் ஆசை இருக்கிறது. தனி ராகியைத் தேய்த்தால் விரிசல் விடும் என்பதால் கோதுமை கலந்துதான் செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

பாஸ்தாவுக்கு மடலில் வந்த ‘மாவிழை’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் அப்பம் சுடுகிற கூவியர் பாகொடு பிடித்த ‘இழைசூழ் வட்டம்’ வருகிறதே, அந்த இழை. ஆனால் பாஸ்தா முழுவதற்கும் அது போதாது. ஸ்பகெத்தி இழை, காது வடிவ ஒரெக்கியெத்தே இழையா? ஆகவே நீளமான வகைகளுக்கு மட்டும் மாவிழை. உள்ளே வைத்து மடிக்கும் ரவியோலி, தொர்த்தெல்லீனி போன்றவை ‘பூரணப் பாஸ்தா’. கொழுக்கட்டை பிடிக்கிற கை இதை உடனே புரிந்துகொள்ளும். பாஸ்தா என்ற பொதுப்பெயர் அப்படியே இருக்கட்டும். காபியும் அப்படித்தான் தங்கியது, ஆனால் அதை நாம் ஆற்றுவது தமிழில்.

தேய்த்து விரித்த மெல்லிய மாவுக்கு அவர்கள் சொல்லும் ‘ஸ்ஃபோல்யா’ இலையோடு தொடர்புள்ள சொல். அதைப் பார்த்து ஒருவர் ‘மாவிலை’ என்று எழுதியிருந்தார். மாந்தோப்பு நிறைந்த கிருஷ்ணகிரியில் மாவிலை என்றால் வாசலில் தோரணம்தான் கட்டுவார்கள். ‘மாவேடு’ என்று வைப்போம். பாலேடு இருக்கிறது, ஓலை ஏடு இருக்கிறது. மெல்லிய படலத்துக்கு ஏடு பழகிய சொல். அக்கா தேய்த்து முடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது மறுபக்கம் அவர் விரல்களின் நிழல் தெரிந்தது. அதற்கு ஏடு பொருந்தும்.

வகைப்பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அவை ஊரோடும் அளவோடும் கட்டுண்டவை. தால்யத்தெல்லேவின் அகலத்தை, வெந்த பின் 8 மில்லிமீட்டர் என்று, 1972இல் பொலோன்யா வணிக சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். நாம் ‘பட்டை மாவிழை’ என்று கீழே சிறு எழுத்தில் விளக்கம் தரலாம், பெயரை மாற்றலாகாது. எழுதும்போது ஆங்கில வழியாகப் போய் ‘ட’ போடாதீர்கள். இத்தாலிய ஒலி பல்லொலி, நம் ‘த’வே அதற்கு நெருக்கம். பாஸ்தா என்று நாம் இயல்பாகச் சொல்வதே அதற்குச் சான்று.

ஆக, அச்சுக்கு நான் கொடுக்க நினைப்பவை: ஈரப் பாஸ்தா, உலர் பாஸ்தா, கடிபதம், மென்பதம், மாவிழை, பூரணப் பாஸ்தா, மாவேடு. மாவேடு மெனு கார்டுக்குத் தேவைப்படாது. கண்ணாடித் தடுப்பில் ஒட்டப் போகும் செய்முறைப் படத்துக்கு வேண்டும். ‘மென்பதம்’ பற்றி மட்டும் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை, குழைவோடு குழப்பிக்கொள்வார்களோ என்று இருக்கிறது. இதைவிடச் சரியான சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கள் காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து