டிராகன் தலை ஜேட் பெல்ட் கொக்கி: பழசுதானான்னு எப்படிப் பார்ப்பது?

சித்தூர்ப்புழை:
மட்டாஞ்சேரிக் கடை ஒண்ணுல பார்த்துட்டுத் திருப்பித் தரலாம்னு கொடுத்திருக்காங்க. நீளம் 9.5 செ.மீ., வெளிர் பச்சை. ஒரு முனை டிராகன் தலையா வளைஞ்சிருக்கு, முதுகுல பல்லி மாதிரி ஒண்ணு, அடியில வட்டக் குமிழ். சீனாவோட மிங் அரச வம்சக் காலம்ங்கறாங்க. கொழிஞ்சாம்பாறையில வீட்டுலயே என்ன சோதிக்கலாம்?

நெல்லியாம்பதி:
குமிழ் பெல்ட்டோட ஒரு முனைத் துளையில இறங்கும், தலை மறுமுனை வளையத்துல மாட்டும். முதுகுல இருக்கறது பல்லி இல்லைங்க, ‘சீ’ங்கற கொம்பில்லாத குட்டி டிராகன். பெருசும் குட்டியும் முகம் பார்த்திருந்தா, அப்பன் மகனுக்குப் புத்தி சொல்றான்னு பொருள். அழகான வேலைப்பாடு. ஆனா இதை வெச்சு மிங்னு சொல்லவே கூடாது. அதுக்கு அப்புறம் வந்த சிங் வம்சக் காலத்துலயும் இதே வடிவம் ஏராளமா செதுக்கினாங்க, இன்னைக்கும் செதுக்கறாங்க.

முதல்ல கல்லைப் பாருங்க. 0.01 கிராம் காட்டற நகைத் தராசுல எடை போடுங்க. அப்புறம் தண்ணி டம்ளரைத் தராசுல வெச்சு ஜீரோ பண்ணி, கொக்கியை மெல்லிய நூல்ல கட்டி முழுசா முங்கவிடுங்க. அடியிலயோ பக்கத்துலயோ தட்டக்கூடாது. முதல் எடையை இப்பக் காட்டற எண்ணால வகுங்க, கல்லோட அடர்த்தி வரும். ஜேட்னு சொல்றது ரெண்டு வகைக் கல்லை: நெஃப்ரைட்னா 2.9–3.1, ஜேடைட்னா சுமார் 3.3. குட்டியோட வயித்துக்கு அடியில காத்துக்குமிழி நின்னா கணக்கு குறைச்சுக் காட்டும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு விட்டு அசைச்சு விடுங்க.

ஆனைமலைக்காற்று:
10 மடங்கு லென்ஸ்ல அந்த வயித்தடியைத்தான் பாருங்க, மேல்முகத்தை இல்லை. பழைய ஆளுங்க சுழலும் சக்கரத்துல ஈர மணல் தேய்ச்சுத்தான் அறுத்தாங்க. அதனால கோடு நடுவுல ஆழமா, ரெண்டு முனையிலயும் மெலிஞ்சு முடியும். வளைவு சின்னச் சின்னக் கோடா சேர்ந்திருக்கும். வைர முனை மெஷின் வேலைன்னா கோடெல்லாம் ஒரே அகலம், ஓரம் கூர்மை, இடுக்குல வெள்ளையா சொரசொரப்பு. தேய்மானம் கொக்கி வளைவுக்கு உள்ளயும் குமிழ் விளிம்புலயும்தான் அதிகம் இருக்கணும். எல்லாப் பக்கமும் ஒரே சீரா மழுங்கியிருந்தா நம்பாதீங்க.

சித்தூர்ப்புழை:
எடை 62.40, தண்ணியில 24.10. 2.59 வருது. குமிழி இல்லை. கோடெல்லாம் ஒரே அகலம்.

நெல்லியாம்பதி:
அப்ப நெஃப்ரைட் இல்லைங்க. அந்த எடைக்கு நெஃப்ரைட்டா இருந்தா தண்ணியில 21 பக்கம் காட்டியிருக்கும். 3 கிராம் வித்தியாசம் குமிழியால வராது. லென்ஸ்ல உள்ளே உருண்டைக் குமிழிகள் தெரிஞ்சா கண்ணாடி. இல்லைன்னா பெரும்பாலும் சர்ப்பென்டைன்ங்கற, ஜேட் மாதிரி தெரியற வேற கல்; சீனாவோட லியாவோநிங் மாகாணத்துச் சியூயான் கல் அந்த வகைதான். சர்ப்பென்டைன்லயும் பழைய வேலை உண்டு, ஆனா கோடு ஒரே அகலம்னா மெஷின் வேலை. மிங் விலை கொடுக்காதீங்க.