லே குளிருக்கு என் கேமரா தாங்குமா?

காரைக்குடி வளவு:
ஜனவரி கடைசியில் நண்பர்களோடு லடாக்கில் இருக்கும் லே நகரத்துக்குப் போகிறேன். மார்கழி விடியலில் வளவில் நின்றாலே எனக்குத் துண்டு தேவைப்படும், அங்கே ராத்திரியில் மைனஸ் 15, 20 என்கிறார்கள். கையில் இருப்பது ஒரு மிரர்லெஸ் கேமரா, இரண்டு பேட்டரி. இதுவரை ஆத்தங்குடிக் கல்லும் கல்யாண வீடும்தான் எடுத்திருக்கிறேன். கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரைதான் போட்டிருக்கிறான். கொண்டு போகலாமா?

தேவகோட்டையான்:
தாராளமாகக் கொண்டு போங்கள் தம்பி. 0 என்பது கம்பெனி பொறுப்பேற்கும் எல்லை, அதைத் தாண்டினால் உடனே செத்துவிடாது. முதலில் படுப்பது பேட்டரிதான். குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும், பாதி சார்ஜ் இருக்கும்போதே காலி என்று காட்டி அணைந்துவிடும். பழுது என்று நினைத்துவிடாதீர்கள், உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். நாலு பேட்டரியாவது வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். விறைத்துப்போன பேட்டரியை அப்படியே சார்ஜில் போட வேண்டாம், கெட்டுவிடும். அப்புறம், விமானத்தில் உபரி பேட்டரி எல்லாம் கைப்பையில்தான், பெட்டியில் போட்டால் எடுக்கச் சொல்வார்கள்.

கானாடுகாத்தான் கண்ணாடி:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் என் கேமராவைக் கெடுத்தது குளிர் இல்லை, சூடு. இமாச்சலத்தில் ஸ்பிட்டி பக்கம் இருக்கும் காஸா ஊரில் பனியில் 3 மணி நேரம் சுற்றிவிட்டு நேராக அடுப்பு எரிகிற அறைக்குள் நுழைந்தேன். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் சொம்பு வெளியே வேர்க்குமே, அந்த மாதிரி கேமரா முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். துடைத்துவிட்டேன், ஆனால் லென்ஸுக்கு உள்ளேயும் ஆவி மூடிக்கொண்டது, ஊருக்கு வந்து நம் புழுக்கத்தில் 2 மாதத்தில் பூஞ்சை. வாசலிலேயே ஜிப்லாக் கவரில் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடிவிட்டு உள்ளே போங்கள். 2 மணி நேரம் திறக்காதீர்கள். படம் பார்க்கக் கை துறுதுறுக்கும், அதனால் மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிவிடுங்கள். இதே காரணத்துக்காகக் கேமராவைச் சட்டைக்குள்ளும் வைக்காதீர்கள், வியர்வை ஈரம்.

காரைக்குடி வளவு:
சட்டைக்குள் வைக்கத்தான் நினைத்திருந்தேன்! பனியைப் படம் எடுத்தால் சாம்பலாக வரும் என்கிறார்களே?

தேவகோட்டையான்:
வரும். வெள்ளையைப் பார்த்து, கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 ஏற்றிப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் இங்கேயே பழகிக்கொள்ளலாம்.