உயர்தர உயிரியலுக்கும் வயல் பூச்சிக்கும் ஒரே நுணுக்குக்காட்டி போதுமா?

களுவாஞ்சிகுடி அம்மா: மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். அக்கரைப்பற்றில் வயல் செய்யும் என் தம்பிக்கு நெல்லைத் தாக்கும் கபில நிறத் தத்திப் பூச்சியைப் பார்க்க வேண்டுமாம். கடையில் 2000 மடங்கு என்று ஒன்றைக் காட்டினார்கள். இரண்டு பேருக்கும் அது சரிவருமா?

ஆய்வுகூட ஆசிரியர், மட்டக்களப்பு: அக்கா, அந்த 2000-ஐ நம்பி வாங்காதீங்க. ஒளி நுணுக்குக்காட்டியில் ஏறக்குறைய 1000-க்கு மேல் உருவம் பெருக்கும், புது விவரம் தெரியாது. மகளுக்கு 4, 10, 40 மடங்கு பொருள்வில்லைகள், அதாவது பார்க்கும் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் வில்லைகள், போதும். கண் வைத்துப் பார்க்கும் 10 மடங்கு பார்வைத்துண்டோடு 400 வரை போகும். வெங்காயத் தோலின் கலங்கள், வாவித் தண்ணீரில் நீந்தும் நுண்ணுயிர்கள் எல்லாம் அழகாகத் தெரியும், பிள்ளை ஆசையாகப் பார்ப்பாள். கண்ணாடி வில்லையா, உருவத்தைத் தெளிவாக்கும் நுண் திருகு இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள்.

ஏறாவூர் விவசாயி: தம்பிக்கு அது வேண்டாம். கீழிருந்து வெளிச்சம் வந்தால் பூச்சி கருநிழல்தான். தத்தி 3, 4 மில்லிமீட்டர் இருக்கும். வரம்பில் நின்று பார்க்க 10 மடங்கு கைவில்லை போதும்.

களுவாஞ்சிகுடி அம்மா: 100 மடங்கு பொருள்வில்லையும் வேண்டுமா?

ஆய்வுகூட ஆசிரியர்: பற்றீரியா பார்க்கத்தான் அது. எண்ணெய் விட்டுப் பார்த்து, உடனே துடைக்கவும் வேண்டும். இப்போதைக்கு விடுங்க அக்கா.