மறு: ‘ஃப்ளை ராடு’ – ‘வார்க்கோல்’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கமுங்க. பொய்ப்பூச்சியைக் கட்டி மீன் பிடிக்கும் ‘ஃப்ளை ராடு’ என்ற தூண்டிற்கோலுக்குத் தமிழ்ச் சொல் தேடும்போது சென்னிமலை ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> ஃப்ளை என்றால் ஈ. ‘ஈக்கோல்’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

சென்னிமலை ஐயா மன்னிக்க வேண்டும். இதை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. தப்பான சொல்லால் காசு இழந்தவன் நான்.

கோபிப் பக்கம் கீழ்பவானி வாய்க்காலில் மூங்கில் குச்சி, தங்கூசி நரம்பு, மண்புழு என்று தூண்டி போட்டு வளர்ந்தவன். ஃப்ளை ராடு ஒன்று வாங்க ஆசைப்பட்டு இணையக் கடை ஒன்றில் தேடினேன். ‘எடை 5’, ‘எடை 8’ என்று தமிழில் போட்டிருந்தார்கள். கோலின் எடைதான் போல, கூடினால் உறுதியும் கூடும் என்று நினைத்து எட்டை எடுத்தேன். கயிற்றைத் தனியாக, விலை குறைவு என்று ஐந்தில் வாங்கினேன். தோட்டத்தில் நின்று வீசினால் கயிறு என் காலடியிலேயே குவிந்து விழுந்தது. ஆறு மாதம் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த எண் கோலின் எடையே அல்ல. கயிற்றின் முதல் 30 அடியைத் தராசில் வைத்தால் வரும் எடைக்கு அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வைத்த வரிசை எண் அது. 5 என்றால் 140 கிரெயின், நம் கணக்கில் சுமார் 9 கிராம். 8 என்றால் 210 கிரெயின், 13.6 கிராம். 13 கிராமுக்கு வளையச் செய்த கோலில் 9 கிராமைக் கட்டினால் கோல் சரியாக வளையாது. வளையாத கோல் எதையும் எறியாது.

நம் தூண்டியில் ஈயக்குண்டுதான் பறக்கிறது, நரம்பு அதன் பின்னால் போகிறது. இங்கே நேர்மாறு. முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சிக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். இறகும் நூலும்தான். ஒன்பது கிராம் ஈயத்தை 30 அடி நீளத்துக்கு இழுத்து நீட்டியதுபோல் இருக்கிறது கயிறு. பறப்பது அதுதான். பூச்சி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஆகவே பெயர் ஈயிலிருந்து வரக் கூடாது, கயிற்றிலிருந்து வர வேண்டும் என்பதே என் வாதம். ஈயை மிதப்புத் தக்கை கட்டிய சாதாரணத் தூண்டியிலும் போடலாம். அந்தக் கயிறு இல்லாமல் இந்த வித்தையே இல்லை.

அந்தக் கயிற்றை நம் ஊரில் பார்த்தவர் யாரும் ‘வார்’ என்றுதான் சொல்வார்கள். ஏர் ஓட்டும்போது கையில் இருக்கும் சாட்டையின் வார் அடியில் பருத்து நுனியில் மெலியும். இதுவும் அப்படித்தான். எனவே:

ஃப்ளை லைன் – வார்
ஃப்ளை ராடு – வார்க்கோல்
லைன் வெயிட் – வார் எண்
ரீல் – ராட்டை
லீடர் – நுனியிழை

‘சாட்டைக்கோல்’ என்று ஒருவர் சொன்னதையும் யோசித்தேன். சாட்டை என்றதும் கை சொடுக்கப் பார்க்கும். சொடுக்கினால் நுனியில் கட்டிய பூச்சி அறுந்து போகும். ‘பூச்சிக்கோல்’ என்றால் எங்கள் பக்கம் பருத்திக்கு மருந்தடிக்கும் கருவி என்று நினைப்பார்கள்.

இன்னொரு சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. ‘ஆக்‌ஷன்’ என்பதைச் ‘செயல்’ என்றும், அதில் வரும் ஃபாஸ்ட்டை ‘வேகம்’ என்றும் எழுதுகிறார்கள். கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பதுதான் செய்தி. நுனிவளைவு, நடுவளைவு, அடிவளைவு என்று மூன்றாகச் சொன்னால் வாங்குபவருக்கு உடனே விளங்கும். விலை கூடிய கார்பன் கோல்களில் பெரும்பாலானவை விறைப்பான நுனிவளைவு. பழகிய கைக்கு அவை நல்லவை. புதிதாய்ப் பிடிப்பவருக்குக் கோல் வளைவது கையில் தெரிய வேண்டும், அதற்கு நடுவளைவே சரி. அது குறைந்த விலையிலேயே கிடைக்கிறது.

ஜிலேபி, கெண்டை மீன்களுக்கு 9 அடி, நான்கு துண்டு, வார் எண் 5 அல்லது 6 போதும். நான்கையும் கோத்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள், வளையங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மூட்டு ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிறு மீனுக்கு ராட்டை வாரைச் சுற்றி வைக்கும் பெட்டிதான், அதில் காசை இறைக்காதீர்கள். மிச்சத்தை வாரில் போடுங்கள். சொரசொரப்பான வார் வளையத்தில் வழுக்கிப் போகாது, எந்தக் கோலும் அதைக் காப்பாற்றாது.

கோபியிலிருந்து

—

தம்பி,

ஈக்கோலை விட்டுவிட்டேன். நீங்கள் பட்ட பாட்டைப் படித்த பிறகு அதைப் பிடித்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. ஆனால் ஒரு தடை. வார்ப்பு, வார்ப்பிரும்பு எல்லாம் இருக்கிறதே. வார்க்கோல் என்றால் உருக்கி வார்த்த கோல் என்று ஆகாதா?

ராட்டைக்கு முழுச் சம்மதம். இங்கே தறிக்கு ஊடைநூலைத் தாராகச் சுற்றுவதே ராட்டையில்தான். கேட்ட மாத்திரத்தில் பிடிபடும்.

சென்னிமலையிலிருந்து

—

ஐயா,

நல்ல கேள்வி. வினையாக எடுத்தால் ‘வார்கோல்’ என்று வர வேண்டும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஊறுகாய், சுடுசோறு போல. நாம் எழுதுவது ‘வார்க்கோல்’. வேர்க்கடலை, நீர்க்குடம் மாதிரி பெயரோடு பெயர் சேர்ந்தது. அந்த ‘க்’தான் பொருளைப் பிரித்துக் காட்டுகிறது. எழுதும்போது அதை விடாமல் போட வேண்டும். பேச்சில் செருப்பு வார், பை வார் என்று தினமும் புழங்குவதால் குழப்பம் வராது என்றே நம்புகிறேன்.

‘நுனியிழை’ மட்டும் எனக்கே முழுத் திருப்தி இல்லை. வாரின் முனையில் கட்டும் ஒன்பதடி நரம்பு அது, போகப் போக மெலியும். தறியில் பழைய பாவின் (நெடுக்கு நூலின்) முனையில் புதுப் பாவைப் பிணைத்து ஓட்டுகிறீர்களே, அந்த இடத்துக்கு என்ன சொல்வீங்க?