டெஸ்ட் எல்லாம் பாஸ், நெட் மட்டும் நகரவில்லை

காசிமேட்டிலிருந்து ஒருவர்:

துறைமுகத்தை ஒட்டிய ஒரு மீன் வியாபாரியின் ஆபீஸ். நெட் படுமோசம் என்று கூப்பிட்டிருந்தார்கள். ரூட்டரில் டயக்னாஸ்டிக் ஓட்டினேன். மெமரி சரி, ஃப்ளாஷ் சரி. ஈதர்நெட் போர்ட்டில் லூப்பேக் பிளக் (போர்ட் அனுப்பும் சிக்னலை அதற்கே திருப்பிவிடுவது) செருகியும் பார்த்தேன், அதுவும் பாஸ். ஆனால் கேபிளைப் போட்டால் லிங்க் 1000-இல் நிற்காமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கியது. கேபிளை மாற்றியும் அதே கதை.

அங்கேதான் பிடி கிடைத்தது. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு பின் போதும். கிகாபிட்டுக்கு, அதாவது 1000-க்கு, எட்டும் வேண்டும். என் பையில் இருந்த பிளக் 1-ஐ 3-உடனும் 2-ஐ 6-உடனும் இணைப்பது. மீதி நாலு பின்னை அது தொடுவதே இல்லை, அப்புறம் ஃபெயில் எங்கிருந்து வரும்? 4-7, 5-8 ஜோடிகளையும் சேர்த்துப் புதிதாக ஒன்றை கிரிம்ப் செய்து, 1000-இல் ஓட்டினேன். உடனே ஃபெயில். டார்ச் அடித்துப் பார்த்தால் போர்ட்டுக்குள் பச்சை பூத்திருந்தது. ஜன்னலோரம் வைத்த ரூட்டர், கடலிலிருந்து நேராக வரும் உப்புக்காற்று, வேறென்ன.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததில் 1000 வந்துவிட்டது. பின்களில் தங்கமுலாம் உரிந்திருந்தால் இது கொஞ்ச நாளைக்குத்தான், மறுபடி பூக்கும். ரூட்டரை உள் அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாசர்பாடியிலிருந்து:

அண்ணே, எனக்கு வந்தது வேறு மாதிரி. சாயங்காலம் ஆனால் ரூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். மெமரி டெஸ்டை ராத்திரி முழுக்க ஓடவிட்டும் ஒரு பிழைகூட இல்லை. அடாப்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் சுத்தமாக 12 வோல்ட். ரூட்டரில் மாட்டி, வீட்டில் எல்லோரையும் வீடியோ பார்க்கவிட்டு அளந்தபோது 10-க்கும் கீழே விழுந்தது. அடாப்டருக்குள்ளே கபாசிட்டர் உப்பியிருந்தது. சும்மா இருக்கும்போது எல்லா அடாப்டரும் யோக்கியம்தான்! அதே 12 வோல்ட்டில், ஆம்பியர் குறையாமல் வேறொன்று வாங்கிப் போட்டேன், தீர்ந்தது.

திருவொற்றியூரிலிருந்து:

ஃபைபர் லைன் என்றால் ரூட்டரைத் திறக்கும் முன் அதன் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆப்டிக்கல் பவரை, அதாவது ஃபைபரில் வந்துசேரும் ஒளியின் பலத்தை, பாருங்கள், தம்பி. ஜிபான் (வீடுகளுக்கு வரும் ஒருவகை ஃபைபர்) லைனில் பொதுவாக மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) நடுவே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மைனஸ் 29, அதாவது ஒளி போதவில்லை. வந்த ஆளோ ரூட்டர் போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்க அக்கா என்றார். அந்த எண்ணைப் போட்டோ எடுத்து அவர்கள் ஆபீசுக்கு அனுப்பினேன். மறுநாள் வேறு ஆள் வந்து, கம்பத்தில் நெரிந்து கிடந்த ஃபைபரை வெட்டி ஸ்ப்ளைஸ் செய்தார், அதாவது முனைகளை மறுபடி இணைத்தார். இப்போது மைனஸ் 21. ரூட்டர் அதே பழசுதான்.